கோபுரத்தின் கதை – 9: ஓடுபாதையில் வண்டிகள்

ஓடுபாதைக்குள் வண்டி போகாமல் எந்த விமான நிலையமும் ஒரு நாளைக் கடத்த முடியாது. பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதையை நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த நடைமுறை. கழன்று விழுந்த போல்ட், டயர் துண்டு, செத்த பறவை, பெயர்ந்த தார், எரியாத விளக்கு இவற்றையெல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சக்கரங்கள் ஒட்டவைத்துவிட்டுப் போகும் ரப்பரைச் சுரண்ட, புல் வெட்ட, பறவை விரட்ட, குளிர் நாடுகளில் பனியை வழித்துத் தள்ள என்று எல்லாவற்றுக்கும் வண்டிதான் உள்ளே போயாக வேண்டும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் இறந்ததற்குத் தொடக்கம், ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டை. முன்னால் போன விமானம் ஒன்றிலிருந்து அது விழுந்திருந்தது. அன்று பிற்பகலில் நடந்திருக்க வேண்டிய முழு ஆய்வு, தீயணைப்பு வண்டிகளின் ஒத்திகை காரணமாகத் தள்ளிப்போயிருந்தது.

வண்டி போகாவிட்டால் அந்த ஆபத்து. போனால் வேறோர் ஆபத்து. பெரிய ஜெட் விமானம் தரை தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஜீப்பை விமானி பார்த்துவிட்டாலும் அவருக்கு மிஞ்சுவது 14, 15 விநாடிகள். இரவிலும் மழையிலும் அதுவும் கிடைக்காது. வண்டி ஓட்டுபவருக்கோ, தன் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி முதுகுப்பக்கம் வரும் விமானத்தின் சத்தம் கேட்பதே கஷ்டம். இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார் என்று நம்ப இடமில்லை. அதனால்தான் ஓடுபாதைக்குள் எந்தச் சக்கரம் நுழைவதானாலும் கோபுரத்தின் அனுமதி வேண்டும் என்று ஆனது. இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் வண்டியை உள்ளே அனுப்பி, வேலை முடித்து, வெளியே வரவழைக்கும் பொறுப்பு கட்டுப்பாட்டாளர் தலையில் விழுந்தது.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் 1920இல் உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தபோது அது நாலு பக்கமும் ஜன்னல் வைத்த, சுமார் 15 அடி உயர மரக்குடில். ஓடுபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. பரந்த புல்வெளியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிராக விமானம் ஓடும். வண்டிகளும் சொற்பம். தீயணைப்பு வண்டி ஒன்று, விமானத்தின் விசிறியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிடும் ஹக்ஸ் ஸ்டார்ட்டர் என்ற ஃபோர்டு வண்டி, புல் வெட்டும் பொறி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் விமானத் திடலில் 1929 வாக்கில் வேலைக்கு அமர்ந்த ஆர்ச்சி லீக், அந்நாட்டின் முதல் கட்டுப்பாட்டாளர் என்று குறிக்கப்படுகிறார். நாற்காலி, குடை, குறிப்பேடு, இரண்டு கொடிகள் ஆகியவற்றை ஒரு கைவண்டியில் ஏற்றித் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். கட்டம் போட்ட கொடி காட்டினால் புறப்படலாம். சிவப்புக் கொடி என்றால் நிற்க வேண்டும். கட்டுப்பாட்டாளரே ஒரு சக்கர வண்டியோடு திடலுக்குள் நின்ற காலம் அது.

1930இல் கிளீவ்லாந்து விமான நிலையக் கோபுரத்தில் ரேடியோ வந்தது. விமானங்களுக்கு ரேடியோ பொருத்தினார்கள். வண்டிகளுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் வண்டிகளோடு கோபுரம் பேசியது வண்ண விளக்கால். அந்த விளக்கு மொழியை இன்றும் விதிப்புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, ரேடியோ பழுதானால் வேறு வழியில்லை என்பதால். பச்சை மின்னினால் வண்டி கடக்கலாம். சிவப்பு நிலையாக எரிந்தால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சிவப்பு மின்னினால் ஓடுபாதையைவிட்டு விலகி, விமானம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை மின்னினால் உள்ளூர் விதிப்படி அந்தப் பகுதியையே காலி செய்ய வேண்டும். விளக்கைக் கவனிக்காமல் வேலையில் மூழ்கியிருப்பவர்களுக்காக இன்னொன்றும் உண்டு: ஓடுபாதையின் ஓர விளக்குகளையே விட்டுவிட்டு எரியவைப்பார்கள். உடனே வெளியேறிக் கோபுரத்தைப் பார் என்பது அதன் பொருள்.

இரண்டாம் உலகப்போர் புல்வெளிகளைக் கான்கிரீட் ஆக்கியது. எடை மிகுந்த குண்டுவீச்சு விமானங்கள் ஈரப் புல்லில் புதைந்தன. குறிப்பிட்ட திசையில் நீண்ட, அகன்ற பாதைகள் போடப்பட்டன. எல்லா விமானங்களும் ஒரே கோட்டில் ஓடத் தொடங்கியதும், அந்தக் கோட்டில் நிற்கும் எந்தப் பொருளும் தடையாகிவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படை ஓடுபாதையின் முனையிலேயே கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டிய வண்டி ஒன்றை நிறுத்தி, அதற்குள் கட்டுப்பாட்டாளரைச் சைகை விளக்கோடு உட்காரவைத்தது. இறங்கிய விமானத்துக்கு வழிகாட்டி நிறுத்துமிடம் வரை கூட்டிப்போக, பின்புறத்தில் ‘ஃபாலோ மீ’ என்று எழுதிய ஜீப்புகளை அமெரிக்கர்கள் ஓட்டினார்கள். சென்னை உட்பட உலகெங்கும் விமான நிலையங்களில் இன்று ஓடும் அதே பெயருள்ள ஜீப்புகளுக்கு இவைதான் மூதாதை.

விமானமும் ஆட்களும் ஓடுபாதையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டதற்கு 1948 – 49இல் பெர்லினில் நடந்ததுபோல் வேறு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சோவியத் முற்றுகையால் தரைவழி அடைபட்ட மேற்கு பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் வானத்தின் வழியே போயின. டெம்பெல்ஹாஃப் நிலையத்தில் நெருக்கடி மிகுந்த நேரங்களில் மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கியது. துளையிட்ட எஃகுத் தகடுகளை விரித்துப் போட்டிருந்த ஓடுபாதை இந்தச் சுமையைத் தாங்கவில்லை, நாள்தோறும் பிய்ந்தது. மூடிவைத்துப் பழுது பார்க்க வழியில்லை, ஊரே பட்டினி கிடக்கும். ஆகவே மணலும் தாரும் மண்வெட்டியுமாகத் தொழிலாளர் கூட்டம் பாதையோரம் காத்திருந்தது. ஒரு விமானம் கடந்ததும் உள்ளே ஓடுவார்கள், குழிகளை நிரப்புவார்கள், அடுத்தது நெருங்கியதும் வெளியே ஓடுவார்கள். 1949 ஏப்ரல் 16 அன்று மட்டும் பெர்லினின் நிலையங்களுக்கு 1,398 விமானங்கள் ஏறக்குறைய 13,000 டன் சரக்கு கொண்டுவந்தன. ஒழுங்கு அத்தனை கறாராக இருந்ததற்குக் காரணம், எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி வேலை செய்தது மட்டுமல்ல. விமானங்கள் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் வந்தன. வழக்கமான பயணிகள் நிலையத்தில் இப்படிப்பட்ட சீர்மை கிடைப்பதில்லை.

போருக்குப் பின் உருவான ஐகாவோ, வண்டிகளின் தோற்றத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. சேவை வண்டிகள் மஞ்சள். தீயணைப்பு போன்ற அவசர வண்டிகள் சிவப்பு அல்லது மஞ்சள் கலந்த பச்சை. கூரையில் மின்னும் விளக்கு, அவசர வண்டிக்கு அது நீலம், மற்றவற்றுக்கு மஞ்சள். பகலில் விளக்குக்குப் பதிலாகக் கொடி என்றால், ஆரஞ்சும் வெள்ளையுமாகவோ சிவப்பும் வெள்ளையுமாகவோ கட்டமிட்டதாக, ஒவ்வொரு பக்கமும் 90 சென்டிமீட்டருக்குக் குறையாததாக இருக்க வேண்டும். விமானங்கள் ஊர்ந்து செல்லும் டாக்ஸிவே ஓடுபாதையைத் தொடும் இடத்துக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடுகள்: இரண்டு முழுக் கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக் கோட்டுப் பக்கம் இருப்பவர் அனுமதியின்றித் தாண்டக் கூடாது. பெரிய ஓடுபாதைகளில் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி இந்த எல்லை அமையும். மூடுபனி நேரத்தில் அதற்கும் வெளியே நிறுத்துவார்கள். அப்போது விமானம் கருவியின் ரேடியோக் கதிரை நம்பி இறங்குகிறது. குறுக்கே நிற்கும் வண்டியின் இரும்புடல் அந்தக் கதிரையே கோணலாக்கிவிடும். மோதாமலேயே ஒரு வண்டி விமானத்தைத் திசைமாற்றக்கூடும் என்பது வெளியாருக்கு அவ்வளவாகத் தெரியாத செய்தி.

விமானங்கள் பெருகியபோது கோபுரத்தின் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஓடுபாதைக்கு ஒருவர், டாக்ஸிவேயில் ஊரும் விமானங்களுக்கும் வண்டிகளுக்கும் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை. சுமையைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. வண்டி ஓட்டுபவர் தன் அலைவரிசையில் தரைக் கட்டுப்பாட்டாளரை மட்டுமே கேட்டார். விமானி தன் அலைவரிசையில் ஓடுபாதைக் கட்டுப்பாட்டாளரை மட்டுமே கேட்டார். ஒரே ஓடுபாதையில் இருவருக்கும் அனுமதி போனாலும் ஒருவர் அனுமதி மற்றவர் காதில் விழாது. இருவரையும் இணைத்தது, கோபுரத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான். 1970களின் இறுதியிலிருந்து ஆறேழு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தன.

1978 பிப்ரவரி 11. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் கிரான்புரூக் என்ற சிறிய நிலையம். கோபுரமே கிடையாது, ரேடியோவில் தகவல் சொல்லும் ஒரு நிலையம் மட்டும் இருந்தது. பனி பெய்துகொண்டிருந்தது, ஓடுபாதையில் பனி பெருக்கும் வண்டி வேலை செய்துகொண்டிருந்தது. கால்கரியிலிருந்து வரும் பசிபிக் வெஸ்டர்ன் நிறுவனத்தின் போயிங் 737 எப்போது இறங்கும் என்று அங்கிருந்து சொல்லப்பட்ட நேரம் சுமார் 10 நிமிடம் பிந்தியது. அந்தக் கணக்கை நம்பி வண்டிக்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார். விமானம் முன்னதாகவே வந்து தரையைத் தொட்டது. எஞ்சின் விசையை எதிர்த்திசையில் திருப்பி வேகம் குறைக்கும் கருவியையும் விமானிகள் இயக்கிவிட்டார்கள். அப்போதுதான் வண்டி கண்ணில் பட்டது. மீண்டும் மேலே எழும்பினார்கள்; வண்டிக்கு மேலாக விமானம் தாண்டியும்விட்டது. ஆனால் இடது எஞ்சினின் எதிர்விசைக் கதவுகள் முழுதாக மூடிக்கொள்ளவில்லை. விமானம் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பனி பெருக்கிய வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை.

அடுத்த ஆண்டு அக்டோபர் 31 விடியலுக்கு முன், மெக்சிகோ நகரத்தில் வெஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம், பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த இடது ஓடுபாதையில் இறங்கி, அங்கே நின்ற லாரியில் மோதியது. திறந்திருந்தது பக்கத்திலேயே இணையாகச் செல்லும் வலது ஓடுபாதை. விமானத்தில் 72 பேரும் தரையில் ஒருவரும் மாண்டார்கள். 1983 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் நகரில் ஓசார்க் நிறுவனத்தின் டிசி-9 இறங்கும்போது பனி அகற்றும் வண்டியில் இடித்து, அதன் வலது இறக்கை பிய்ந்தது. விமானத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள். வண்டி ஓட்டியவர் இறந்தார்.

இவற்றையெல்லாம் சிறிதாக்கிவிட்டது மேற்கு சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் 1984 அக்டோபர் 11 அதிகாலையில் நடந்தது. கிராஸ்னோதாரிலிருந்து நோவோசிபிர்ஸ்க் செல்லும் ஏரோஃப்ளோட் டியூ-154 விமானம் வழியில் ஓம்ஸ்கில் இறங்க வந்துகொண்டிருந்தது. மழைத் தூறல், மேகம் தரைக்கு மேல் 100 மீட்டர் உயரத்திலேயே கவிந்திருந்தது. அங்கே ஓடுபாதையின் ஈரத்தைப் போக்க, கழித்துக்கட்டிய ஜெட் எஞ்சினை லாரியின் மேல் ஏற்றி, சூடான காற்றை ஊதவிடும் வண்டிகளைப் பயன்படுத்தினார்கள். எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள் டன் கணக்கில் லாரியிலேயே இருக்கும். 5.20 மணி வாக்கில் பராமரிப்புக் குழு உள்ளே போக அனுமதி கேட்டது. தரைக் கட்டுப்பாட்டாளர் கொடுத்தார். ஓடுபாதையில் ஆள் இருப்பதைக் காட்டும் அறிவிப்பு விளக்கைப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. சிறிது நேரத்தில் அவர் தூங்கிப்போனார். வீட்டில் கைக்குழந்தைகள், பல நாளாகச் சரியான உறக்கம் இல்லை என்று பின்னர் சொல்லப்பட்டது.

இறங்க அனுமதி கொடுக்க வேண்டிய கட்டுப்பாட்டாளர் தரைப் பிரிவைக் கூப்பிட்டார். தெளிவான பதில் இல்லை. அறிவிப்பு விளக்கு எரியவில்லை, ஆகவே ஓடுபாதை காலி என்று அவர் எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த லாரிகளின் மேல்விளக்குகளும் எரியவில்லை. வெளிச்சம் தங்கள் கண்ணையே கூசவைக்கிறது என்று ஓட்டுநர்கள் அணைத்துவைத்திருந்தார்கள். 5.41க்கு விமானம் மேகத்தைவிட்டு இறங்கித் தரை தொட்டது. எதிரே வண்டிகள் தெரிந்தபோது திருப்பவும் நேரமில்லை. விமானத்தில் 174 பேர், தரையில் 4 பேர், மொத்தம் 178 பேர் பலியானார்கள். பிழைத்தவர்கள் விமானி அறையில் இருந்த நால்வரும் பயணி ஒருவரும். ரஷ்ய மண்ணில் இவ்வளவு உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்து வேறில்லை. அக்காலச் சோவியத் வழக்கப்படி செய்தி வெளியே வராமல் நெடுங்காலம் அமுக்கப்பட்டது. பொறுப்பானவர்களுக்கு 12 முதல் 15 ஆண்டுவரை சிறை கிடைத்தது.

தண்டனையோடு கதையை முடித்துக்கொண்டால் ஓம்ஸ்கில் நடந்ததில் பாதிதான் புரியும். தூங்கியவர் ஒருவர். ஆனால் அவர் விழித்திருப்பார் என்ற ஒற்றை ஊகத்தின் மேல் மற்ற எல்லாமே நின்றிருந்தன: விளக்கு எரியாவிட்டால் ஓடுபாதை காலி என்று பொருள், பதில் வராவிட்டாலும் காலி என்று பொருள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு எங்கே இருந்தாலும் அங்கே ஓர் ஓம்ஸ்க் காத்திருக்கிறது. அதன்பின் கோபுரங்களில் பரவிய நடைமுறைகளின் சாரம், வண்டி உள்ளே இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளர் நினைவில் மட்டும் வைக்காமல் கண்முன் ஒரு பொருளாக வைப்பது. ஒவ்வொரு விமானத்தின் விவரமும் எழுதிய காகிதப் பட்டைகளைக் கட்டுப்பாட்டாளர் முன்னால் ஒரு பலகையில் அடுக்கிவைப்பது பழைய வழக்கம். வண்டி உள்ளே போனதும் ‘ஓடுபாதை அடைப்பு’ என்று எழுதிய, பளிச்சென்ற நிறமுள்ள பட்டை ஒன்றை ஓடுபாதைக்குரிய இடத்தில் குறுக்கே வைப்பார்கள். வண்டி வெளியே வந்துவிட்டதாக ரேடியோவில் சொன்ன பிறகுதான் அதை எடுக்கலாம். அடுத்த விமானத்துக்கு அனுமதி சொல்லக் கை நீளும்போது அந்தப் பட்டை இடறும். மலிவான ஏற்பாடு, இன்றைய மின்திரைகளிலும் இதே பட்டை வண்ணக் கட்டமாக இடம்பெறுகிறது. அதோடு, வண்டிக்கு இடும் கட்டளையை ஓட்டுநர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் கட்டாயமானது. ‘சரி’, ‘புரிந்தது’ என்பவை பதிலாகா.

1998 டிசம்பர் 10 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் நிலையத்தில் ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் அந்த நிகழ்ச்சி இந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. கோபுரத்திலிருந்து தரை தெரியாத அளவு தாழ்ந்த மேகம். இழுவை வண்டி ஒன்று போயிங் 747 ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுபாதையைக் கடக்க அனுமதி கேட்டது. அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கோபுரத்தில் மாற்றிப் புரிந்துகொண்டார்கள். கடந்துவிட்டது என்று நினைத்து டெல்டா நிறுவனத்தின் 767 புறப்பட அனுமதி தரப்பட்டது. குறுக்கே போகும் 747ஐ டெல்டா விமானிகள் தாங்களாகவே பார்த்து, ஓட்டத்தை நிறுத்தினார்கள். பின்னர் கட்டுப்பாட்டாளர்கள் மீது குற்றவழக்கு போடப்பட்டது. மேல்முறையீடு வரை போய், தண்டனை இல்லாமல் முடிந்தது. வழக்கு நடந்த காலத்தில் நெதர்லாந்துக் கட்டுப்பாட்டாளர்கள் தங்கள் சறுக்கல்களைத் தாமாக எழுதித் தருவது குறைந்துபோனது. ஓம்ஸ்கின் 15 ஆண்டும் ஸ்கிப்போலின் வழக்கும் அளவில் வேறானவை. ஆனால் ஆளைத் தண்டித்தால் அடுத்த தவறு வெளியே தெரியாமல் போகும் என்ற வாதத்துக்கு ஸ்கிப்போல் ஓர் அத்தாட்சியானது.

2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாத்தே நிலையத்தில், மூடுபனியில் வழிதவறி ஓடுபாதைக்குள் நுழைந்த சிறு விமானத்தில் பயணிகள் விமானம் மோதி 118 பேர் இறந்தார்கள். அங்கே பழைய தரை ரேடார் நிறுத்தப்பட்டிருந்தது. புதியது வேலைக்கு வந்திருக்கவில்லை. மோதியவை இரண்டும் விமானங்களே என்றாலும், இதையொட்டி எடுத்த முடிவுகள் வண்டிகளையும் கட்டுப்படுத்தின. ஓடுபாதை ஊடுருவல் எது என்பதற்கு 2004இல் ஐகாவோ ஒரே வரையறை தந்தது: விமானமோ வண்டியோ ஆளோ, இறங்கவும் ஏறவும் ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதிக்குள் தவறாக இருந்தாலே அது ஊடுருவல். மோதல் நெருங்கியதா என்ற கேள்விக்கு இடமில்லை. அமெரிக்கா 2007இல் இதை ஏற்றது. ஐரோப்பாவில், ஓடுபாதையைத் தொடும் எல்லோரும், வண்டிகள் உட்பட, ஒரே அலைவரிசையில் பேச வேண்டும் என்ற பரிந்துரை வலுப்பெற்றது. ஜீப் ஓட்டுபவர் காதில் ‘இறங்கலாம்’ என்று விமானத்துக்குச் சொல்வது விழுந்தால், தான் இன்னும் உள்ளே இருக்கிறோமே என்று அவரே கத்துவார். எல்லைக்கோட்டில் தரையோடு பதித்த சிவப்பு விளக்கு வரிசை எரியும்போது, கோபுரம் வாயால் அனுமதி தந்திருந்தாலும் தாண்டக் கூடாது என்ற விதியும் இறுக்கமானது.

கருவிகளும் வந்தன. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடார் 1950களிலிருந்தே பெரிய நிலையங்களில் உண்டு. ஆனால் அது திரையில் ஒரு புள்ளியைக் காட்டும், அந்தப் புள்ளி ஜீப்பா விமானமா என்று சொல்லாது. கனமழையில் திரையே நிறைந்துவிடும். பின்னர் வண்டியின் கூரையில் சிறு அலைபரப்பி ஒன்றைப் பொருத்தி, தன் பெயரையும் இடத்தையும் அதுவே சொல்லிக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். இருவர் ஒரே ஓடுபாதையில் நெருங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும் மென்பொருளும் சேர்ந்தது. அமெரிக்காவில் 2005இல் டல்லாஸில் சோதித்துப் பார்த்து, பிறகு 20 நிலையங்களுக்குப் போன ஏற்பாடு இன்னும் ஒரு படி மேல்: ஓடுபாதையில் விமானம் வேகமெடுப்பதை ரேடார் கண்டதும், குறுக்குப் பாதைகளின் வாயிலில் சிவப்பு விளக்குகள் தாமாக எரியும். கட்டுப்பாட்டாளர் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாமே முதலில் விமானங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. வண்டிகள் கடைசியாகத்தான் கணக்கில் வந்தன.

திரை இருந்தால் போதாது என்பதற்கு மாஸ்கோவின் வ்னூகவோ நிலையம் சாட்சி. 2014 அக்டோபர் 20 நள்ளிரவை ஒட்டி, பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டலின் தலைவர் கிறிஸ்தோஃப் டி மார்ஜெரியை ஏற்றிக்கொண்டு ஃபால்கன் 50 ஜெட் ஒன்று புறப்பட ஓடியது. வ்னூகவோவில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. சென்னை மீனம்பாக்கத்திலும் அப்படியே. குறுக்கு ஓடுபாதை உள்ள நிலையங்களில் ஒன்றில் வேலை செய்யும் வண்டி, தன்னையறியாமல் மற்றொன்றில் நின்றுவிட முடியும். அன்று வரிசையாகப் போன பனி அகற்றும் வண்டிகளில் ஒன்று கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, வழி தெரியாமல் அந்தச் சந்திப்பில் நின்றது. கோபுரத்தில் பயிற்சியில் இருந்தவர் விமானத்துக்கு அனுமதி சொல்லியிருந்தார். தரைக் கண்காணிப்புத் திரை இருந்தும் யாரும் தடுக்கவில்லை. மார்ஜெரியும் விமானப் பணியாளர் மூவரும் இறந்தார்கள்.

2022 நவம்பர் 18 அன்று பெரு நாட்டின் லிமாவில் நடந்தது நல்ல வெளிச்சத்தில், பகல் நேரத்தில். ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது ஐகாவோ விதி. அந்த நேரத்தை அளக்க ஓர் ஒத்திகை ஏற்பாடாகியிருந்தது. கோபுரத்துக்கும் தகவல் போயிருந்தது. ஒத்திகை தொடங்கலாம் என்று கிடைத்த ஒப்புதலை, ஓடுபாதைக்குள் நுழையலாம் என்ற அனுமதியாகத் தீயணைப்பு வீரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நேரத்தை முறியடிக்கும் வேகத்தில் வண்டிகள் பாய்ந்து வந்தபோது, லாதாம் நிறுவனத்தின் ஏ320 நியோ புறப்பட ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 108 பேரும் உயிர் தப்பினார்கள். வண்டியில் இருந்த வீரர்கள் இருவர் அங்கேயே இறந்தார்கள், மூன்றாமவர் பல மாதம் கழித்து இறந்தார். பனி இல்லை, இருட்டு இல்லை, தூக்கமும் இல்லை. எந்தச் சொல் எதற்கு அனுமதி என்று முன்கூட்டி இரு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்யாததே இங்கே குறை.

இந்தியாவில் விமானப் பகுதிக்குள் வண்டி ஓட்டச் சாலை உரிமம் போதாது; விமான நிலையம் தரும் தனி ஓட்டுநர் அனுமதி வேண்டும். பெரும்பாலான பயணிகள் நிலையங்களில் கோபுரம் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கிறது. புனே போன்ற சில ஊர்களில் விமானப்படையின் கையில். 2020 பிப்ரவரி 15 அன்று புனேயில் ஏர் இந்தியாவின் ஏ321 தில்லிக்குப் புறப்பட்டு மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, எதிரே ஜீப் ஒன்றும் ஆள் ஒருவரும் தெரிந்தார்கள். நிறுத்த இடமில்லை என்று கணித்த விமானி, வழக்கத்துக்கு முன்பே மூக்கைத் தூக்கினார். வால்பகுதியின் அடிப்புறம் தரையில் உரசியது. விமானம் தில்லியில் பத்திரமாக இறங்கியது.

அலைபரப்பி பொருத்திய ஜீப்புகளும் தாமாக எரியும் சிவப்பு விளக்குகளும் பெரிய நகரங்களின் நிலையங்களுக்கே வாய்த்திருக்கின்றன. தரை ரேடார் இல்லாத நிலையங்கள்தான் உலகில் அதிகம். அங்கே ஓடுபாதையில் வண்டி இருக்கிறதா இல்லையா என்பதை இன்றும் கட்டுப்பாட்டாளரின் கண்ணும், ரேடியோவில் வரும் பதிலும், அவர் முன்னால் வைத்த ஒரு பட்டையும்தான் சொல்கின்றன.